கோப்புறை உண்மையிலேயே காலியா?

கணினியில் ஒரு கோப்புறையில் உள்ள நிழற்படங்கள் அனைத்தையும் வேறோர் இடத்திற்கு நகர்த்துகிறோம். படங்கள் புதிய இடத்திற்குச் சென்றுவிடுகின்றன. அவை இருந்த கோப்புறை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒன்றிரண்டு கோப்புறைகள் என்றால் நாமே அழித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த படங்களையும் காணொளிகளையும் பாடல்களையும் ஒழுங்குபடுத்தும்போது இத்தகைய வெற்றுக் கோப்புறைகள் நூற்றுக்கணக்கில் எஞ்சிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழிக்க எவருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே, அந்த வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் நிரல்களைப் பலரும் நாடுகின்றனர்.

பார்ப்பதற்கு இது மிக எளிய வேலையாகத் தோன்றும். ஆயினும், கணினியில் மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டிய வேலைகளுள் இதுவும் ஒன்றாகும். காலியாக இருப்பதாக நாம் நினைக்கும் கோப்புறையில், வேறெங்கும் இல்லாத ஒரு படம் தங்கியிருக்கக்கூடும். அதை அழித்துவிட்டால் மீண்டும் பெறுவது அரிது. எனவே, கோப்புறைகள் ஏன் எஞ்சுகின்றன, அவற்றைப் பாதுகாப்பாக நீக்குவது எப்படி என்பவற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயன்தரும்.

கோப்புறை ஏன் எஞ்சுகிறது?

கோப்புறையைக் கோப்புகள் அடங்கிய ஒரு பெட்டியாக நாம் கற்பனை செய்கிறோம். கணினியைப் பொறுத்தவரை அது ஒரு பெயர்ப்பட்டியல். எந்தக் கோப்பு வன்தட்டின் எந்தப் பகுதியில் உள்ளது என்பதைக் கணினி அந்தப் பட்டியலின் வழியாகவே தெரிந்துகொள்கிறது. ஒரே வன்தட்டுக்குள் ஒரு படத்தை நகர்த்தும்போது அந்தப் படம் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. பழைய பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டுப் புதிய பட்டியலில் எழுதப்படுகிறது. அதனால்தான் மிகப் பெரிய காணொளியைக்கூட நொடிப்பொழுதில் நகர்த்த முடிகிறது.

வன்தட்டிலிருந்து விரலிக்கோ நினைவக அட்டையிலிருந்து கணினிக்கோ ஒரு கோப்பை நகர்த்தும்போது நடப்பது வேறு. கணினி முதலில் புதிய இடத்தில் ஒரு படியை உருவாக்குகிறது. அதன் பிறகே பழையதை அழிக்கிறது. இவ்வேலைக்கு நேரம் பிடிக்கும். நடுவில் விரலியைப் பிடுங்கினாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ சில கோப்புகள் மட்டும் இடம் மாறியிருக்கும். மற்றவை பழைய இடத்திலேயே இருக்கும்.

எவ்வழியில் நகர்த்தினாலும், கோப்புகளை மட்டும் நகர்த்தச் சொன்னால் கணினி கோப்புகளை மட்டுமே நகர்த்தும். வகுப்பு வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்கள் அனைத்தையும் அடித்துவிட்டாலும் பதிவேடு மறைந்துபோவதில்லை. அதுபோலவே, பெயர்கள் எல்லாம் நீங்கிய பின்னரும் கோப்புறை எஞ்சி நிற்கிறது. அது இனித் தேவையற்றதா, அடுத்த வாரம் எடுக்கப்போகும் படங்களுக்காக வைக்கப்பட்டதா என்பதைக் கணினியால் ஊகிக்க இயலாது. முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே.

ஒரு வெற்றுக் கோப்புறை வன்தட்டில் பிடித்துக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. ஒரே ஒரு நிழற்படம் பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஆயிரம் வெற்றுக் கோப்புறைகளுக்கு மேல் அடங்கிவிடும் என்றே சொல்லலாம். அப்படியிருக்க, அவற்றை ஏன் நீக்க வேண்டும்? இடத்தை மீட்பதற்காக நாம் அவற்றை நீக்குவதில்லை. குழப்பத்தைத் தவிர்க்கவே நீக்குகிறோம். தேடிய படம் கிடைக்காமல் ஒவ்வொரு வெற்றுக் கோப்புறையாகத் திறந்து மூடுவது நேரத்தை வீணாக்கும். “இதற்குள் ஏதோ இருந்ததே, தொலைந்துவிட்டதோ?” என்ற ஐயத்தையும் அது எழுப்பும். நாளடைவில் சலிப்புற்று, “எல்லாம் காலிதான்” என்று மொத்தமாக அழித்துவிடுபவர்களும் உண்டு. அங்குதான் இழப்பு நேர்கிறது.

எஞ்சியது குப்பைதானா?

ஓர் இடைநிலைப்பள்ளியின் விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்டிதழ்க் குழுவைச் சேர்ந்த மூன்று மாணவர்கள் மூன்று படக்கருவிகளுடன் திடலின் மூன்று மூலைகளில் நின்று படம் எடுக்கிறார்கள். மாலையில் மூவரின் நினைவக அட்டைகளிலும் உள்ள படங்களைப் பள்ளிக் கணினியில் ஒரே கோப்புறைக்குள் நகர்த்துகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்துள்ளது. எண்முறைப் படக்கருவிகள் படங்களைச் சேமிக்கும் முறைக்கு 1998ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒரு பொது நெறிமுறை வகுக்கப்பட்டது. நினைவக அட்டையைத் திறந்தால் ‘டிசிஐஎம்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை தென்படுவதற்கு இதுவே காரணம். அதனுள் உள்ள கோப்புறைகள் 100 முதல் 999 வரையிலான எண்களால் தொடங்கும். படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண் இடப்படும். பெரும்பாலான படக்கருவிகள் இந்த ஒரே முறையைப் பின்பற்றுவதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு படக்கருவிகளில் ஒரே பெயருடைய படங்கள் இருப்பது இயல்பு.

முதல் மாணவரின் அட்டையில் 0215 என்ற எண்ணுடைய படம் நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக்கோட்டைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாணவரின் அட்டையில் அதே பெயருடைய படம், பரிசு வாங்கும் ஒரு மாணவியின் மகிழ்ச்சியான முகத்தைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே கோப்புறைக்குள் நகர்த்தினால் என்ன ஆகும்? ஒரே கோப்புறையில் ஒரே பெயருடைய இரு கோப்புகள் இருக்க முடியாது. ஆதலால், நகர்த்தும் நிரல் மூன்றில் ஒன்றைச் செய்யும். முன்னதன் மேல் பின்னதை எழுதிவிடும். அல்லது பின்னதற்கு வேறு பெயர் சூட்டும். அல்லது பின்னதை நகர்த்தாமல் பழைய இடத்திலேயே விட்டுவிடும்.

முதல் வழியில் ஓட்டப்பந்தயப் படம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். இரண்டாம் வழியில் இரண்டு படங்களும் பிழைக்கும். மூன்றாம் வழியில் பரிசு வாங்கும் படம் பழைய கோப்புறையிலேயே தங்கிவிடும். நானூறு படங்கள் இருந்த கோப்புறையில் இப்போது ஒன்றே ஒன்று மீதம். அவசரத்தில் இருப்பவருக்கு அது மிச்சம் மீதியாகத் தெரியும். உண்மையில் அது ஒரு செய்தி. “இந்தப் படத்தை நான் நகர்த்தவில்லை; என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று நிரல் நமக்குச் சொல்கிறது. அச்செய்தியைப் படிக்காமல் கோப்புறையை அழிப்பவர், அந்த மாணவியின் படத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. திரையில் கோப்புறை காலியாகத் தோன்றும். ஆனால் கணினி அதைக் காலி என்று ஏற்காது. கண்ணுக்குப் புலப்படாத மறைகோப்புகளே இதற்குக் காரணம். விண்டோஸ் இயங்குதளம் படங்களின் சிறு உருவங்களை விரைவாகக் காட்டுவதற்காகச் சில வேளைகளில் ‘தம்ஸ் டிபி’ என்ற கோப்பை உருவாக்கி வைக்கும். ஆப்பிள் கணினிகள், கோப்புறையின் தோற்றம் பற்றிய குறிப்புகளை ‘டிஎஸ் ஸ்டோர்’ என்ற கோப்பில் எழுதி வைக்கும். இவற்றை அழிப்பதால் நமக்கு இழப்பில்லை. தேவைப்படும்போது கணினி அவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

ஆனால், எல்லாத் துணைக்கோப்புகளும் அப்படிப்பட்டவை அல்ல. ஒரு திரைப்படத்தை நகர்த்திய பிறகு அதன் வசன வரிகள் அடங்கிய சிறு கோப்பு பழைய இடத்தில் எஞ்சியிருக்கலாம். பாடல்களை நகர்த்திய பிறகு இசைத்தொகுப்பின் முகப்புப்படம் எஞ்சியிருக்கலாம். நிழற்படங்களில் செய்த திருத்தங்களைத் தனிக் கோப்பில் குறித்துவைக்கும் மென்பொருள்களும் உள்ளன. அக்கோப்பு அழிந்தால் பல மணி நேர உழைப்பு வீணாகும். ஆகவே, எஞ்சியவற்றுள் எது குப்பை, எது குப்பையன்று என்பதைப் பிரித்தறிவதே துப்புரவின் முதல் வேலை.

ஒரு சாய்கோட்டால் நேர்ந்த இழப்பு

தானியங்கித் துப்புரவில் அசட்டையாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ என்பது கணினி விளையாட்டுகளை வாங்கவும் விளையாடவும் உதவும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்திற்கான அதன் நிரலில், சில சூழ்நிலைகளில் தன் கோப்புறையில் உள்ள அனைத்தையும் அழிக்குமாறு ஒரு கட்டளை இருந்தது. தன் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை அந்நிரல் முதலில் கண்டறியும். பிறகு, அந்த இடத்தின் பெயரை எழுதி, அதன் பின்னால் ஒரு சாய்கோடு இட்டு, அதற்குக் கீழ் உள்ளவை அனைத்தையும் அழிக்கும்.

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அக்கோப்புறையை வேறோர் இடத்திற்கு மாற்றியிருந்த ஒரு பயனருக்குப் பேரிழப்பு நேர்ந்தது. கோப்புறை வழக்கமான இடத்தில் இல்லாததால், நிரலால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இடத்தின் பெயர் வெறுமையாகிவிட்டது. எஞ்சியது சாய்கோடு மட்டுமே. லினக்ஸில் தனிச் சாய்கோடு என்பது முழுக் கணினியின் தொடக்க இடத்தைக் குறிக்கும். ஆகவே, “இந்தக் கோப்புறையில் உள்ளவற்றை அழி” என்ற கட்டளை, “கணினியில் உள்ள அனைத்தையும் அழி” என்று மாறிவிட்டது. அப்பயனரின் கோப்புகள் அழிந்தன. அவர் படியெடுத்து வைப்பதற்காக இணைத்திருந்த வெளிப்புற வன்தட்டில் இருந்தவையும் தப்பவில்லை. பின்னர் அந்நிரல் திருத்தப்பட்டது.

கணினி இங்கே எந்தத் தவறும் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்தது. “பெயர் வெறுமையாக இருந்தால் நின்றுவிடு” என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. மனிதர் ஒருவர் கையால் அழித்திருந்தால், தமக்குத் தொடர்பில்லாத கோப்புகள் மறைவதைக் கண்டு நிறுத்தியிருப்பார். தானியங்கி நிரலுக்கு அந்த ஐயம் எழாது. நாம் எழுதி வைத்த ஐயம் மட்டுமே அதற்கு உண்டு.

பாதுகாப்பான துப்புரவு

நல்ல துப்புரவு நிரல் ஒன்று எப்படி இயங்க வேண்டும்?

முதலாவதாக, அது நகர்த்தலைச் சரிபார்க்க வேண்டும். பழைய இடத்தில் நானூறு படங்கள் இருந்திருந்தால் புதிய இடத்தில் நானூறும் வந்து சேர்ந்தனவா, ஒவ்வொன்றின் அளவும் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே துப்புரவைத் தொடங்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பெயர் மோதல் நிகழ்ந்திருக்கலாம். நகர்த்தல் பாதியில் நின்றிருக்கலாம்.

இரண்டாவதாக, அதற்கு எல்லை வேண்டும். எந்தக் கோப்புறைக்குள் மட்டும் அது வேலை செய்யலாம் என்பதை நாம் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அந்தப் பெயர் வெறுமையாக இருந்தாலோ அந்த இடம் இல்லாமற்போனாலோ நிரல் எதையும் தொடாமல் நின்றுவிட வேண்டும்.

மூன்றாவதாக, அது அடியிலிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும். ‘2023’ என்ற கோப்புறைக்குள் ‘மே’, அதற்குள் ‘ஆசிரியர் தினம்’ என்று ஒன்றினுள் ஒன்றாகக் கோப்புறைகள் இருப்பதாகக் கொள்வோம். மேலிருந்து தொடங்கினால், ‘2023’க்குள் ‘மே’ இருப்பதால் அது காலியன்று என்று நிரல் கருதும். அடியிலிருந்து தொடங்கினால், ‘ஆசிரியர் தினம்’ காலி என்று முதலில் நீங்கும். அதனால் ‘மே’ காலியாகி நீங்கும். இறுதியில் ‘2023’உம் நீங்கும். ‘மே’ கோப்புறைக்குள் ‘அன்னையர் தினம்’ என்ற இன்னொரு கோப்புறை படங்களுடன் இருந்தால், நிரல் ‘மே’ அளவிலேயே நின்றுவிடும். படங்களுக்கு எந்தத் தீங்கும் நேராது.

நான்காவதாக, கோப்புறையை அதன் உள்ளடக்கத்தோடு சேர்த்து அழிக்கும் கட்டளையை அது பயன்படுத்தக்கூடாது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1970களிலேயே ‘ஆர்எம்டிர்’ என்ற கட்டளை இருந்தது. விண்டோஸிலும் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. வெற்றுக் கோப்புறையை மட்டுமே நீக்குவது அதன் இயல்பு. உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தாலும், “இது காலியாக இல்லை” என்று கூறி நீக்க மறுத்துவிடும். நிரல் பார்த்து முடித்த மறுகணமே ஒரு புதிய படம் அக்கோப்புறைக்குள் வந்து விழுந்தாலும் கட்டளை மறுத்துவிடும். இந்த மறுப்பைத் தொல்லையாக எண்ணி, வலிந்து அழிக்கும் கட்டளையைச் சிலர் நாடுகின்றனர். தொல்லையாகத் தோன்றும் அந்த மறுப்பே நம் படங்களுக்குக் காவல்.

ஐந்தாவதாக, எது குப்பை என்பதற்கு அது ஒரு குறுகிய பட்டியலை மட்டும் வைத்திருக்க வேண்டும். தம்ஸ் டிபி, டிஎஸ் ஸ்டோர் போன்று நமக்கு நன்கு தெரிந்த மறைகோப்புகளை மட்டும் அதில் சேர்க்கலாம். பட்டியலில் இல்லாத எந்தக் கோப்பைக் கண்டாலும் அக்கோப்புறையை விட்டுவிட்டு நமக்குத் தெரிவிக்க வேண்டும். தெரியாததைக் குப்பை என்று கொள்வதைவிட, தெரியாததைப் பொருள் என்று கொள்வதே நன்று.

ஆறாவதாக, ஒத்திகை பார்க்க வேண்டும். எதையும் அழிக்காமல், எவற்றை அழிக்கப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும் வசதி பல கருவிகளில் உள்ளது. விண்டோஸில் உள்ள ‘ரோபோகாப்பி’யிலும் லினக்ஸில் பயன்படும் ‘ஆர்சிங்க்’ கருவியிலும் இவ்வசதி உண்டு. பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தால், இருக்கக்கூடாத பெயர் ஒன்று அதில் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். கட்டளைகளால் அழிக்கப்படுபவை பொதுவாக மறுசுழற்சித் தொட்டிக்குச் செல்வதில்லை என்பதால் இந்த ஒத்திகை மிகவும் தேவை. “பதறாத காரியம் சிதறாது” என்று நம் முன்னோர் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

மூன்று படிகள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறு நேரலாம். அந்நாளுக்காகவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது உருவாகிக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், பிக்சார் நிறுவனத்தின் கணினிகளில் தவறுதலாக ஓர் அழிப்புக் கட்டளை இயக்கப்பட்டது. படத்தின் பெரும்பகுதி அழிந்தது. சேமித்து வைத்த படிகளை மீட்கலாம் என்று பார்த்தபோது, அவை முறையாகப் பதிவாகவில்லை என்பது தெரியவந்தது. படக்குழுவில் தொழில்நுட்பப் பொறுப்பு வகித்த கேலின் சுஸ்மன், குழந்தை பிறந்த பின் வீட்டிலிருந்து பணியாற்றி வந்தார். அதற்காக அவர் வீட்டுக் கணினியில் படத்தின் ஒரு படி இருந்தது. அதைக் கொண்டே படத்தைப் பெருமளவு மீட்டனர்.

வேறோர் இடத்தில் இருந்த ஒரு படி, பலருடைய உழைப்பைக் காத்தது. நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவச் செய்த ‘3-2-1’ என்னும் விதியும் இதையே கூறுகிறது. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். பள்ளி ஆண்டிதழ்க் குழுவுக்கு இது கடினமன்று. பள்ளிக் கணினியில் ஒரு படி, ஆசிரியரிடம் உள்ள வெளிப்புற வன்தட்டில் ஒரு படி, மேகச் சேமிப்பில் ஒரு படி என்று வைத்துக்கொள்ளலாம். இம்மூன்றும் உள்ளனவா, திறந்தால் படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்த பின்னரே நினைவக அட்டைகளைத் துப்புரவு செய்ய வேண்டும்.

வீடு மாறும்போது காலிப் பெட்டிகளை வீசுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். கனமாக இருந்தால் திறந்து பார்ப்பார்கள். பாட்டியின் பழைய வளையலோ தாத்தாவின் அடையாள அட்டையோ அடியில் கிடக்கலாம் அல்லவா? கணினிக்குப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கத் தெரியாது. அதை அதற்கு நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் திறன்பேசியிலிருந்தோ விரலியிலிருந்தோ படங்களை நகர்த்திய பின், எஞ்சி நிற்கும் கோப்புறையை அழிப்பதற்கு முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். மறைகோப்புகளையும் காட்டுமாறு கணினியிடம் கேளுங்கள். படங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அதன் பிறகு, அழிக்கும் வேலையைத் தயக்கமின்றிக் கணினியிடம் ஒப்படைக்கலாம்.